மேலே நீலம், கீழே பச்சை

பிள்ளைகளா, போன மாதம் நான் வாங்கிக் கொடுத்த கேமை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாயங்காலத்துக்குள் முடித்துக் கட்டினீர்கள். ஆடி முடித்ததைவிடப் பேசி முடித்ததுதான் அதிகம். விளம்பரத்தில் காட்டிய மழை உள்ளே இல்லை என்றான் பெரியவன். குதிரை ஓடும்போது கால் தரையில் படவே இல்லை என்றாள் சின்னவள். பிறகு போனை எடுத்து, அந்தக் கேமை ஆடிப் பார்த்தவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துச் சிரித்தீர்கள். "அப்பா, உலகம் முழுக்க ஏமாந்திருக்குப்பா" என்று எனக்குத் தகவல் சொன்னீர்கள். உங்கள் பங்குக்கும் ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்தீர்கள்.

குதிரையின் காலை நானும் பார்த்தேன். படவில்லைதான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்திலும் ஒரு கேமுக்கு இப்படித்தான் தீர்ப்பு சொன்னார்கள். அப்போது நட்சத்திரம் எல்லாம் கிடையாது, எல்லாம் வாய்தான். அதைப் பற்றி உங்களுக்குச் சொன்னதில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

சிலிம் ரிவர் டவுனிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வருகிற ரப்பர் தோட்டம் எங்களுடையது. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கினார்கள். பக்கத்துப் பக்கத்து மர நிரையில் இரண்டு பேருக்கும் வேலை. லயத்து வீடுகளுக்குக் கரண்ட் இல்லை, ஆனாலும் எங்கள் வீட்டில் டிவி இருந்தது. அம்மாவின் ஒரே தம்பியான மாமா ஈப்போவில் டிவி ரிப்பேர் கடையில் வேலை செய்தார். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன சின்னக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்றைச் சரிசெய்து எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால் டவுனுக்கு அனுப்பித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதனால் செய்தி வேண்டாம், மலாய் நாடகம் வேண்டாம், பந்து விளையாட்டும் வேண்டாம் என்று வாரம் பூராவும் பேட்டரியைக் காப்பாற்றி, தமிழ்ப்படம் போடுகிற சனிக்கிழமைக்கு வைத்திருப்போம். அன்றைக்கு லயமே எங்கள் வீட்டில்தான். முன்னறை நிரம்பியதும் மிச்சப் பேர் வெளியே அஞ்சடித் தாழ்வாரத்தில் நின்று சன்னல் கம்பி வழியாகப் பார்ப்பார்கள்.

டிவியின் கண்ணாடி மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. இதை ஒட்டினால் கறுப்பு வெள்ளை டிவி கலர் டிவி ஆகிவிடும் என்று சொல்லி டவுனில் விற்றார்கள். வானமும் புல்வெளியும் வருகிற இடத்தில் அது உண்மைதான். மற்ற நேரத்தில் கதாநாயகிக்கு நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருக்கும். நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம்.

அந்த வருஷம் எனக்கு வீட்டில் ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சேதி கொண்டுபோகிற வேலை.

நடந்தது இதுதான். மாமாவுக்கு ஈப்போவில் அவர் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். அம்மாவும் நானும் முதல் நாளே போய்விட்டோம். அப்பா அன்றைக்குக் காலையில் மரம் வெட்டி, பாலை நிறுத்துப் போட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். அவர் வந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டாரும் வந்து இறங்கினார்கள். மாமா அவர்களைக் கவனிக்க ஓடினார். அம்மா பின்னால் அடுப்படியில் இருந்தார். வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். ஒருத்தரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு நாற்காலியும் யாரும் போடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு அப்பா திரும்பி நடந்தார். நான் வாசலில்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். அவர் வந்ததையும் பார்த்தேன், போனதையும் பார்த்தேன். பாயசம் ஊற்றுவதற்கு முன்னால் போகிறாரே என்று மட்டும் நினைத்தேன்.

அன்றிலிருந்து அப்பா மாமாவைப் பற்றிப் பேசுவதில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அத்தனை பேர் நடுவில் தன்னை விட்டுவிட்டுப் போனதற்காக அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. அம்மா பேசவில்லை என்பதால் அப்பாவும் பேசுவதில்லை. சமைப்பது, துவைப்பது, விடியுமுன் ஒன்றாகக் கிளம்பி வேலைக்குப் போவது எல்லாம் எப்போதும் போல நடந்தது. பேச்சு மட்டும் என் வழியாகப் போய்வந்தது.

"ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, சாப்பிட வரச் சொல்லுது."

"பசிக்கலன்னு சொல்லு."

"பசிக்கலயாம்மா."

"நேத்தும் இதே பேச்சுதான். காத்தக் குடிச்சிட்டு மரம் வெட்டப் போறாரான்னு கேளு."

இதை நான், "ஏன் பசிக்கலன்னு கேக்குது" என்று சுருக்கி அந்தப் பக்கம் கொடுப்பேன். முழுச் சேதியும் அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். ஆனாலும் என் வழியாக வந்ததற்குத்தான் பதில் சொல்வார்.

கல்யாணம் அடுத்த மாதம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வருவது அக்காள் புருஷன். தாலியில் கடைசி முடிச்சைப் போடுவது அக்காள். மாமாவுக்கு எங்கள் அம்மாவைத் தவிரக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அப்பாவோ போகமாட்டேன் என்றிருந்தார். அம்மா அப்பாவோடு பேசமாட்டேன் என்றார், ஆனால் அவர் வராத கல்யாணத்துக்குத் தானும் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அம்மா யார் பக்கம் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆகமொத்தம் அப்பா மனம் இறங்காவிட்டால் மாமா தன் கல்யாணத்தில் தன் பக்கத்து ஆள் ஒருத்தரும் இல்லாமல்தான் நிற்க வேண்டும். லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது.

பால் ஏற்றிப்போகும் லாரிக்காரர் ஒருநாள் வண்டியை நிறுத்தாமலே எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார். "அக்கா! ஒங்க தம்பி சனிக்கிழமை வருதாம்! மொறையா அழைக்க வருதாம்! பையனுக்கு என்னமோ டிவி கேமு கொண்டாருதாம்!"

சேதியின் முதல் பாதியை லயம் பேசிக்கொண்டது. இரண்டாம் பாதியை நான் பேசினேன்.

டிவி கேம் என்றால் என்னவென்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மகன் மட்டும், ஈப்போவில் காசு போட்டு ஆடுகிற பெட்டி ஒன்றை எட்டிப் பார்த்திருந்தான். அதில் கார் ஓடும், ஸ்டியரிங் இருக்கும், மோதினால் நெருப்புப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தான். அவன் போட்ட அடித்தளத்தின் மேல் நான் மாடி கட்டினேன். கார் மட்டும் இல்லை, கப்பலும் உண்டு என்றேன். கப்பல் கவிழ்ந்தால் ஆட்கள் நீந்துவார்கள் என்றேன். எல்லாம் கலரில் வரும் என்றேன்.

"ஒங்க டிவி கறுப்பு வெள்ளைடா" என்றான் மண்டோர் மகன்.

"கலரு டிவியில இல்லடா, கேம்ல இருக்கு" என்றேன்.

எனக்கே அந்தப் பதில் பிடித்துப்போனது. சனிக்கிழமைக்குள் நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மாமா மத்தியானம் வந்து சேர்ந்தார். ஒரு கையில் பை, மறு கையில் பெட்டி. அப்பா அஞ்சடியில் உட்கார்ந்து மரம் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நல்லாருக்கீங்களா?"

அப்பா கத்தியின் முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஒங்க மாமாவ உள்ள போகச் சொல்லு" என்றார். என் வேலை கூடிவிட்டது.

மாமா உள்ளே போய் முகம் கழுவினார். பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு திரும்ப வந்து, அப்பா முன்னால் குனிந்து நீட்டினார். "மச்சான், நீங்கதான் முன்னால நின்னு நடத்தி வைக்கணும்."

"கையெல்லாம் எண்ணெயா இருக்குன்னு சொல்லு" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

"கையில எண்ணெயாம் மாமா" என்றேன். மாமா தட்டோடு கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றார். பிறகு உள்ளே கொண்டுபோய்ச் சாமி மேடையில் வைத்தார். அம்மா அடுப்படியில் தேங்காயை வேண்டிய அளவுக்கு மேலேயே துருவிக்கொண்டிருந்தார்.

எனக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்வந்தேன். பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது. மட்டையை ஓங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் பாய்ந்தார். அவர் நெற்றியில் வியர்வை கூடத் தெரிந்தது. பந்து பின்னால் தீ இழுத்துக்கொண்டு பறந்தது. கீழே இன்னொரு படத்தில் கால்பந்து மைதானம், அதைச் சுற்றித் தலை தலையாகக் கூட்டம். கார் இல்லையே என்று ஒருத்தன் கேட்டான். கார் உள்ளே இருக்கும் என்றேன்.

அன்றைக்கு எல்லாரும் படத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாமா டிவிக்குப் பின்னால் வயரைச் செருகினார். கேமுக்கு டார்ச் லைட் பேட்டரி போதும், டிவிக்குத்தான் நாங்கள் வாரமெல்லாம் காப்பாற்றி வைத்த கார் பேட்டரி. கேமிலிருந்து இரண்டு குட்டை வயர் வந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் ரேடியோவில் இருப்பதுபோல ஒரு திருகுகிற குமிழ். மாமா டிவியைத் திருகித் திருகிப் பார்த்தார். இரைச்சலும் புள்ளியுமாக ஓடிய திரை சட்டென்று தெளிந்தது.

"கோடு விழுது" என்றான் மண்டோர் மகன். "டிவி ரோசாக் ஆயிருச்சா மாமா?"

"ரோசாக்லாம் இல்லடா, டிவி நல்லாத்தான் இருக்கு. இதான் கேமு."

"ஆளு எங்க?"

"இந்தா, இந்தப் பக்கத்துக் கோடு ஒரு ஆளு. அந்தப் பக்கத்துக் கோடு இன்னொரு ஆளு."

"பந்து?"

"அந்தா போவுது பாரு, புள்ளி. அதான் பந்து. குமிழத் திருகுனா கோடு மேலயும் கீழயும் போவும். பந்த விடாம திருப்பி அடிக்கணும். விட்டா எதிராளிக்குப் பாயிண்டு."

டக் என்றது டிவி. புள்ளி இந்தப் பக்கம் வந்து மறுபடியும் டக் என்று அந்தப் பக்கம் போனது. இதற்குப் பிறகுதான் ஏதோ வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். டக். டக்.

"கப்பல் எங்கடா?" என்று என் காதோரமாகக் கேட்டான் மண்டோர் மகன்.

ஆளுக்குக் கொஞ்ச நேரம் குமிழைப் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு தீர்ப்பு வர ஆரம்பித்தது.

"டிப்பு லா இது" என்றான் மண்டோர் மகன். "பெட்டி மேல ஆளு படம் போட்டுட்டு உள்ள கோடு வச்சிருக்கான். ஏமாத்துறான்."

"என் கைப்புள்ளைக்கு இதக் காட்டுனா தொட்டில் ஆட்டுற வேல மிச்சம்" என்றார் கடைசி வீட்டு அக்கா.

மண்டோர் பெரிய குரல்காரர். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது வெளியே அஞ்சடிவரை கேட்டது. "ஏந்தம்பி, இதக் கண்டுபிடிக்கவா ஈப்போவுக்கு வேலைக்குப் போனே? செவத்துல ரெண்டு கோடு கிழிச்சு ஒரு கோலிய உருட்டிவிட்டா இதேதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சடியில் நின்றவர்களும் சன்னல் வழியாகச் சிரித்தார்கள்.

"கடையில பெரிய கலர் டிவியில போட்டா நல்லாருக்கும்ணே" என்றார் மாமா. "கூட்டம் நின்னு பாக்குது, அண்ணே."

"கடையில நல்லாருந்தா கடையிலயே வைக்கிறதுதானே? மச்சானச் சமாதானம் பண்ண வந்தவன் ஒரு நல்ல வேட்டியாச்சும் கொண்டாந்திருக்கக் கூடாது? கோட்டக் கொண்டாந்திருக்கான், கோட்ட!"

மறுபடியும் சிரிப்பு. கழட்டுங்க தம்பி, பேட்டரிய வீணடிக்காதீங்க, படம் போட்டுறப் போறான் என்று நாலு பக்கமும் குரல். ஆட்கள் உள்ளே வர வர மாமாவுக்கு இடம் குறைந்துகொண்டே போயிருந்தது. இப்போது அவர் வாசற்படியை ஒட்டி, எல்லாரும் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், காலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்கப் பார்த்தார்.

நான் மெதுவாக நகர்ந்து அலமாரி ஓரமாகப் போய்விட்டேன். மாமாமேல் எனக்குக் கோபமாக வந்தது. கேமைப் பற்றி என் அபிப்பிராயமும் மண்டோருடைய அபிப்பிராயம்தான்.

அப்பா அதுவரை உள்ளே வரவில்லை. அஞ்சடியில், சன்னலுக்கு வெளியே இருந்தார். அங்கிருந்து எல்லாம் கேட்கும். இப்போது எழுந்து வாசலுக்கு வந்தார். மாமாவைப் பார்த்தார். குனிந்து மாமாவின் காலடியில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கே?" என்றார். "வா. வந்து ஒக்காரு."

என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. நேராகவே சொன்னார். நான் வழக்கம்போல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மண்டோர் காலை மடக்கி இடம் விட்டார். அப்பா டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் மாமாவையும் உட்கார வைத்து, ஒரு குமிழைக் கையில் எடுத்துக்கொண்டார். "எப்படி ஆடணும் சொல்லு" என்றார். மாமா முதலிலிருந்து எல்லாம் விளக்கமாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பட்டையைச் சீவும்போது கத்தியை எவ்வளவு மெல்லத் திருப்புவாரோ அவ்வளவு மெல்லக் குமிழைத் திருப்பினார். மற்றவர்கள் பதறிப்போய்ச் சர் சர்ரென்று திருகிப் பந்தை விட்டதுபோல அவர் விடவில்லை. மாமா வரிசையாக விட்டார்.

"விட்டுக் குடுக்காதே. ஆடு."

"சரி மச்சான்."

மண்டோருக்குப் பொறுக்கவில்லை. "என்னாண்ணே, நீங்களுமா? இதுல என்னா இருக்கு? ஒரு கலர்கூட இல்ல."

"யாரு சொன்னா இல்லன்னு?" அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேல போனா நீலம். கீழ வந்தா பச்சை. நல்லாப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. பந்து மேலே ஏறினால் நீலமாகி, நடுவில் ஆரஞ்சைக் கடந்து, கீழே இறங்கினால் பச்சை ஆனது. "ஆமா லா!" என்றது ஒரு சின்னக் குழந்தை. மறுபடியும் சிரிப்பு வந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் மாமாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் டிவியில் நாம் ஒட்டிய தாளைப் போய்க் கேமின் பெருமையாகச் சொல்கிறாரே என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமா குமிழைக் கீழே வைத்தார். "எனக்குக் கை மரத்துப் போச்சு. அக்கா, நீ வந்து ஒக்காரு."

"எனக்கு வேல கெடக்கு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னா வேல? படம் முடியிற வரைக்கும் யாருக்குச் சோறு?" என்று கடைசி வீட்டு அக்கா எழுந்துபோய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தள்ளி உட்காரத்தான் பார்த்தார். வயர் எட்டவில்லை. அந்தக் கேமில் இரண்டு பேர் ஆடவேண்டும் என்றால் முழங்கை இடிபடும் தூரத்தில்தான் உட்கார வேண்டும். இதையும் ஒரு குறையாக நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் நாலு பேர் முன்னால் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பந்தை அம்மா விட்டுவிட்டார்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, அது எனக்குப் பாயிண்டுன்னு" என்றார் அப்பா.

"அம்மா, அது அப்பாவுக்குப் பாயி—"

டக், டக் என்று அதற்குள் பந்து போய்த் திரும்பியிருந்தது.

"ஒங்கப்பாவ டிவியப் பாக்கச் சொல்லு. ஒன் மூஞ்சியில என்னா தெரியுது?"

"அப்பா, டிவிய—"

டக்.

"மெதுவாத் திருகச் சொல்லு."

"அம்மா, மெதுவாத்—"

டக். அந்தப் பந்து எப்போதோ போய்விட்டது. நான் சொல்ல ஆரம்பித்த விஷயம் நான் முடிப்பதற்குள் பழைய விஷயம் ஆனது. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் ஒரு சேதி காத்திருந்தது. டிவியை விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நடுவுல இன்னொரு பந்து ஓடுது லா" என்றார் மண்டோர்.

அப்போது அம்மா அடித்த பந்து கோணலாகத் திரையின் அடிக்குப் போனது. அப்பாவின் கோடு மேலேயே நின்றது.

"கீழ! கீழ! கீழ எறக்குங்க!" என்றார் அம்மா.

அப்பா இறக்கினார். டக் என்றது. பந்து திரும்பி வந்தது.

"ஒம் பக்கம் வருது பாரு" என்றார் அப்பா. "என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா?"

அவ்வளவுதான் பேச்சு. என் இரண்டு பக்கமும் நான் திரும்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மேலே ஏத்துங்க, விட்டுட்டியே, போச்சு போச்சு, இல்ல இல்ல பட்டுருச்சு என்று அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கடைசி வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா டிவியைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த காலிப் பெட்டியின் கிழிந்த மூலையை எச்சில் தொட்டு ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அம்மாமேல் அலுப்பாக இருந்தது. எதிராளி பந்தை விட்டால்தான் தனக்குப் பாயிண்ட் என்று மாமா எவ்வளவு விளக்கமாகச் சொன்னார்! இவரானால் எதிராளிக்கு வழி சொல்லிக் கொடுக்கிறார். ஆட்டத்தின் அடிப்படையே தெரியவில்லை.

படம் போட்டுவிட்டான் என்று யாரோ ஞாபகப்படுத்தியபோது பெயர்கள் ஓடி முடிந்திருந்தன. வயரைக் கழற்றிப் படத்துக்கு மாற்றினார்கள். எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். பாதிப் படம்கூடப் போயிருக்காது. கதாநாயகனை அடியாட்கள் சூழ்ந்துகொண்ட இடத்தில் படம் சுருங்க ஆரம்பித்தது. பேட்டரி இறங்கினால் எங்கள் டிவி அப்படித்தான் செய்யும். நாலு ஓரமும் கறுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியாட்கள் முதலில் காணாமல் போனார்கள். பிறகு கதாநாயகனின் கைகால் போனது. கடைசியில் திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது.

"ஹபிஸ், முடிஞ்சிருச்சு" என்றார் மண்டோர். "கேமு திரும்பவும் வந்துருச்சு."

புள்ளியும் அணைந்தது. எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். கேமும் மட்டம், படமும் போச்சு என்று பேசிக்கொண்டே போனார்கள். ஆனால் சண்டை போடுகிற குரலில் யாரும் பேசவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பேட்டரி இறங்கியதற்காக லயத்தில் பெரிய வாய்ச்சண்டையே நடந்த காலம் அது.

"சாப்பிட வாங்க" என்றார் அம்மா. நான் அப்பா பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை மாமா கிளம்பினார். கிளம்புமுன் சாமி மேடையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் அப்பா முன்னால் வந்து நின்றார். வெற்றிலை ஓரம் வாடியிருந்தது. அப்பா பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார், அப்போதும் கையில் அழுக்கு இருந்தது. துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மொத நாளே வந்துர்றோம்" என்றார்.

மாமா தலையை ஆட்டினார்.

"அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போயிறாத மாப்ளே. ஒங்க அக்கா எனக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி."

"ஒங்களுக்குன்னுதானே கொண்டாந்தேன் மச்சான்."

"அப்பறம், கல்யாணத்தன்னிக்கு வாசல்ல ஒரு நாக்காலி போட்டு வை." அப்பா தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "எனக்கு இல்ல. யாராச்சும் வந்து நிப்பாங்க."

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு பக்கம் மாமாவும் மறுபக்கம் அம்மாவும் போனார்கள். பெரிய சாலைவரை போய் மாமாவையும் பேட்டரியையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அன்றைக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்றுதான். லயத்தில் கைப்பிள்ளைக்காரிவரை எல்லாரும் பார்த்தவுடனே கண்டுபிடித்த விஷயம் எங்கள் அப்பாவுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதே என்பது. நல்ல கேம் எது, மட்டமான கேம் எது என்று தெரியாத ஒரு மனிதர் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மண்டோர் மகன் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அந்த நாற்காலி விஷயமும் விளங்கவில்லை. கல்யாண வீட்டில் நாற்காலி போடாமலா இருப்பார்கள்?

உள்ளே போய் டிவிக்கு முன்னால் அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். பேட்டரி இல்லாத திரையில் நீலமும் ஆரஞ்சும் பச்சையும் மட்டும் இருந்தன. ஒரு குமிழை இடது கையிலும் இன்னொன்றை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, வாயால் டக், டக் என்று சொல்லி இரண்டையும் திருகிப் பார்த்தேன். தனி ஆளாக ஆடுவதற்கு லாயக்கே இல்லாத கேம் என்று இன்னொரு குறையையும் கண்டுபிடித்தேன். பிறகு வயர்களைச் சுருட்டி, இரண்டு குமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடினேன்.